இயற்கையாக மீளும் காடுகள்: இந்தியா, இலங்கை ஒப்பீடும் நீலகிரி மலையும்

மனிதர் நட்டு வளர்க்காமல், விதை விழுந்தும் வேர் துளிர்த்தும் தானாக எழும் மரங்களால் ஆன காடு இயற்கையாக மீளும் காடு எனப்படுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உலக நாடுகளின் காட்டுப் பரப்பைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகுத்து வெளியிடும்போது, இதை நடவுக் காட்டிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகக் காடுகளில் 93 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தது. எஞ்சிய 7 விழுக்காடு நடப்பட்டது.

பாக் நீரிணையின் இரு கரைகளிலும் உள்ள இந்தியாவையும் இலங்கையையும் இந்த அளவுகோலால் ஒப்பிடுவது வழக்கம். இரு நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே ஆட்சியின் கீழ், ஒரே பயிர்களுக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டதால் இந்த ஒப்பீடு பொருத்தமானதே. எனினும் எண்களை மட்டும் வைத்துப் பேசினால் மலையில் நடந்தது தெரியாமல் போகும். அதற்கு நீலகிரியும், அதன் உடன்பிறப்பு போன்ற இலங்கை மலையகமும் நல்ல சான்றுகள்.

எண்கள் சொல்வது

இந்தியா இலங்கையைப் போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு பெரிய நாடு. ஆகவே மொத்தப் பரப்பை ஒப்பிடுவதைவிட, நிலப்பரப்பில் காடு எத்தனை விழுக்காடு என்பதையும், அது எத்திசையில் நகர்ந்தது என்பதையும் பார்ப்பதே முறை.

1990இல் இந்தியாவின் காட்டுப் பரப்பு சுமார் 6 கோடியே 39 லட்சம் எக்டேர். 2020இல் அது சுமார் 7 கோடியே 21 லட்சம் எக்டேர், அதாவது நிலப்பரப்பில் ஏறத்தாழ 24 விழுக்காடு. இலங்கையில் 1990இல் சுமார் 23 லட்சம் எக்டேராக இருந்த காடு 2020இல் சுமார் 21 லட்சம் எக்டேராகக் குறைந்தது. அப்படிக் குறைந்த பிறகும் அது அந்நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. இந்தியா ஏறுகிறது, இலங்கை இறங்குகிறது. ஆனால் இறங்கும் இலங்கையே விழுக்காட்டில் இன்னும் முன்னால் நிற்கிறது.

இந்தியாவின் ஏற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் படம் மாறுகிறது. 1990இல் சுமார் 57 லட்சம் எக்டேராக இருந்த நடவுக் காடு, 2015இல் 1 கோடியே 20 லட்சம் எக்டேரானது. தானாக மீளும் காடோ இந்தக் கால் நூற்றாண்டு முழுவதும் 5 கோடியே 80 லட்சம் எக்டேரை ஒட்டியே நின்றது. 'இந்தியாவில் காடு பெருகியது' என்று மாணவர் ஒருவர் விடைத்தாளில் எழுதினால் அது தவறன்று. பெருகியது எந்தக் காடு என்பதையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

வரையறையும் எண்ணை மாற்றும். அரை எக்டேருக்கு மேற்பட்ட நிலம், ஐந்து மீட்டருக்கு மேல் உயரும் மரங்கள், பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட மரக்கவிகை என்பவை உணவு வேளாண்மை அமைப்பின் அளவுகள். இலங்கையில் 1992ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடர்ந்த இயற்கைக் காட்டை மட்டும் எண்ணினால் நாட்டில் 24 விழுக்காடு; ஐதான காட்டையும் சேர்த்தால் 31 விழுக்காடு. ஒரே ஆண்டு, ஒரே நாடு, இரண்டு விடைகள். இந்திய வன அளவைத் துறையும் ஒரு எக்டேருக்கு மேல் பத்து விழுக்காடு மரக்கவிகை இருந்தால், நிலம் யாருடையது, என்ன பயன்பாட்டில் உள்ளது என்று பாராமல் காட்டுப் போர்வையாகக் கொள்கிறது. செயற்கைக்கோள் படத்தில் சோலைக்கும் தோப்புக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

ஒரே வகை மலைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் உயிரியலாளர்கள் ஒரே பல்லுயிர் வளப் பகுதியாகக் கருதுகின்றனர். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். இலங்கையின் ஹோட்டன் சமவெளி 2,000 மீட்டருக்கு மேல் அமைந்த மேட்டுநிலம். இரண்டு இடங்களிலும் குட்டையான, பாசி படர்ந்த, எப்போதும் பசுமையான காடும் திறந்த புல்வெளியும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று அழைக்கப்படும் செந்நிறப் பூமரத்தின் உறவினம் இலங்கையில் மகா ரத்மல் எனப்படுகிறது. நீலகிரியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த செடிகள் சிங்களத்தில் நெலு என்ற பெயரில் அறியப்படுகின்றன.

நீலகிரியில் இந்தக் காட்டுக்குச் சோலை என்று பெயர். மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை தங்கிவிடும்; சரிவுகளும் முகடுகளும் புல்வெளியாக இருக்கும். திறந்த வெளியில் முளைக்கும் சோலைக்கன்றுகளை உறைபனி கருக்கிவிடுவது இதற்கு முக்கியக் காரணம். இந்தப் புல்வெளி காடழிந்து உண்டானது என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிம மண்ணை ஆராய்ந்தவர்கள், அது 20,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று காட்டினர். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் அவர்களுடைய மந்துகள் அமைந்ததும் இந்தப் புல்வெளியில்தான். இலங்கையில் இதையொத்த மலைப் புல்நிலம் பத்தனை எனப்படும்.

காப்பி, கொய்னா, தேயிலை

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகமண்டலம் வெள்ளையர் குடியிருப்பாக வளரத் தொடங்கியது. ஏறத்தாழ அதே தலைமுறையில் இலங்கை மலையகத்தில் காப்பித் தோட்டங்கள் பரவின. அங்கே அழிவு வேகமாக நடந்தது. காப்பிக்காகக் கண்டியைச் சூழ்ந்த மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற தொழிலாளர்களே தோட்ட வேலையில் பெரும்பகுதியைச் செய்தனர். 1869இல் காப்பி இலைத்துரு நோய் தோன்றி அந்தத் தொழிலை அடியோடு சாய்த்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். காப்பி நின்ற நிலத்தைத் தேயிலை எடுத்துக்கொண்டது; காட்டுக்கு அது திரும்பவில்லை.

மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா மரம் இரு மலைகளுக்கும் ஒரே அலையில் வந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து திரட்டிய கன்றுகளும் விதைகளும் 1860ஐ ஒட்டி நீலகிரியை அடைந்தன. உதகை அரசு தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் மெக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவற்றை வளர்த்தார். 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைப் பூங்கா தொடங்கப்பட்டதும் இதே மரத்துக்காகவே.

காடு குறைவதைக் கண்டு கவலைப்பட்டவர்களும் அக்காலத்தில் இருந்தனர். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநரான ஜோசப் ஹூக்கர், இலங்கையில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளில் கைவைக்க வேண்டாம் என்று 1873இல் ஆலோசனை கூறினார். ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலையைச் சுற்றிய காடும் இன்றும் எஞ்சியிருப்பதில் அந்த ஆலோசனைக்குப் பங்கு உண்டு. 1882இல் இந்திய வனத்துறையைச் சேர்ந்த வின்சென்ட் இலங்கைக் காடுகளைப் பற்றி அறிக்கை அளித்தார். 1885இல் அங்கே காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. சென்னை மாகாண வனச் சட்டமும் 1882ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நீலகிரிக்கு மட்டும் ஹூக்கரின் உயரக்கோடு போன்ற எல்லை எதுவும் வரையப்படவில்லை.

கற்பூர மரமும் சீகையும்

உதகை வளர்ந்தபோது முதலில் எழுந்த தட்டுப்பாடு விறகுக்குத்தான். குளிர் ஊரில் ஒவ்வொரு பங்களாவுக்கும் கணப்பு தேவை. வெலிங்டனில் படைவீரர் குடியிருப்பு. பின்னர் தேயிலைத் தொழிற்சாலைகளின் உலர்த்திகள். அருகிலிருந்த சோலைகள் வெட்டப்பட்டன. சோலை மரம் மிக மெதுவாக வளர்வது. வெட்டிய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அதற்கு மாற்றாக ஆஸ்திரேலியாவின் மரங்கள் வந்தன. நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்றும் சமவெளியினர் தைல மரம் என்றும் அழைக்கும் யூகலிப்டஸ் 1843ஐ ஒட்டி இங்கு அறிமுகமானது. சீகை எனப்படும் வாட்டில் மரமும் அதே காலத்தையொட்டி வந்தது. 1860களில் அரசே பெரிய அளவில் கற்பூரத் தோப்புகளை உண்டாக்கியது. சோலையை வெட்டி அந்த இடத்திலேயே நட்டதைவிட, 'வெறுமனே கிடக்கும்' நிலம் என்று கருதப்பட்ட புல்வெளியில் நட்டதே மிகுதி. விறகுக்காக என்பதால், அந்தக் கால நோக்கில் இது காட்டைக் காக்கும் செயலாகவே இருந்தது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு; எஞ்சிய சோலைகள் மேல் விழுந்த கோடரி சற்றுத் தணிந்தது.

நாடு விடுதலை அடைந்த பின்னர் இந்த நடவு நிற்கவில்லை, பெருகியது. சீகைப் பட்டை தோல் பதனிடும் தொழிலுக்குத் தேவைப்பட்டது. மேட்டுப்பாளையம் அருகே சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் தேவைப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்கள் புல்வெளிகளைத் தரிசு நிலக் கணக்கில் வைத்து மரம் நடப் பணம் ஒதுக்கின. அதே காலத்தில் குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள் மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு பகுதிகளின் பள்ளத்தாக்குகளை நீரில் ஆழ்த்தின. தோடர்களுக்கு இரு புறமும் மேய்ச்சல் சுருங்கியது.

1980களின் பின்பகுதியில் புதிய நடவு கைவிடப்பட்டது. ஆனால் சீகை யாரும் நடுவதற்காகக் காத்திருக்கும் மரமன்று. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீயோ வெட்டோ வெயிலை உள்ளே விட்டால் நாற்றங்கால் போல முளைத்தெழும். தோப்பின் விளிம்பிலிருந்து புல்வெளிக்குள் ஆண்டுதோறும் அது நகர்ந்தது. தமிழகத்தின் மற்றொரு சோலைமலையான பழனி மலையில், நாற்பது ஆண்டுகாலச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, மரத் தோப்புகளாலும் வேளாண்மையாலும் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியது என்று கண்டறிந்துள்ளது.

உணவு வேளாண்மை அமைப்பின் வரையறை, அயல்நாட்டு மரமாயினும் அது தானாகப் பரவி எழுந்திருந்தால் இயற்கையாக மீளும் காட்டில் சேர்க்கிறது. ஆகவே ஆங்கிலேயர் வரிசையாக நட்ட கற்பூரத் தோப்பு நடவுக் காடு. அதன் பக்கத்துப் புல்வெளியை விழுங்கிய சீகைக்காடு இயற்கையாக மீண்ட காடு. விழுங்கப்பட்ட புல்வெளியோ காட்டுக் கணக்கில் எப்போதுமே இருந்ததில்லை. அதனால் அதன் இழப்புக்கும் அங்கே வரவு செலவு இல்லை. இலங்கையில் 1960கள் முதல் பத்தனைகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் நடப்பட்ட கரீபியன் பைன் மரங்கள், மனிதர் நட்டவை என்பதால், நடவுக் காட்டின் பத்தியில் நிற்கின்றன. இரு நாடுகளின் 'இயற்கை' என்ற பத்தியை அடுத்தடுத்து வைக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும் கூடலூர் மலைகளும்

இரு நாடுகளின் காட்டு வரலாறும் நேரடியாக முடிச்சுப் போட்டுக்கொண்ட இடம் ஒன்று உண்டு. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர் சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். அந்த மக்களிடம் யாரும் விருப்பம் கேட்டு ஒப்பந்தம் எழுதவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவை அதற்கு முன் பார்த்தவர்களே அல்லர்.

அவர்களுக்குத் தெரிந்த தொழில் தேயிலை. ஆகவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அது டேன்டீ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட அக்கழகத்துக்காகக் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் வனத்துறை நிலம் திருத்தப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. நூற்றாண்டுக்கு முன் இலங்கைக் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் வழிவந்தோர், இப்போது நீலகிரிக் காட்டை வெட்டித் தேயிலை நட்டனர். இரு முறையும் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்தவர்கள் வேறு யாரோ. மக்கள் இங்கே வந்ததால் இலங்கையில் காடு கூடியதா என்றால், அதுவும் இல்லை. அங்கே தோட்டங்கள் தோட்டங்களாகவே நீடித்தன.

கூடலூரில் நிலச் சிக்கல் இதற்கும் பழையது. அங்குள்ள நிலங்களில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலம். 1969ஆம் ஆண்டு ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னும் குத்தகை வழக்குகள் நீண்டன. இடையில் மரங்கள் வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. அந்தக் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், 'காடு' என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ அதுவே சட்டத்திலும் பொருள் என்றும், யார் நிலமாயினும் மைய அரசின் ஒப்புதலின்றிக் காடல்லாத பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்றும் ஆணையிட்டது. ஒரு மலைத் தாலுகாவின் மரவெட்டு வழக்கு இந்தியா முழுவதற்குமான சட்டமாக மாறியது. 1990க்குப் பின் இந்தியாவின் இயற்கைக் காட்டுப் பரப்பு பெரிதாகச் சரியாமல் நின்றதற்கான காரணங்களில் இந்த ஆணையையும் சேர்க்க வேண்டும்.

இலங்கையின் சரிவும் தடையும்

இலங்கையில் காடு 1881இல் நாட்டின் 84 விழுக்காடாகவும், 1900இல் 70 விழுக்காடாகவும் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1956இல் 44 விழுக்காடு. 1983இல் சுமார் 27 விழுக்காடு. முதல் சரிவு மலையகத் தோட்டங்களால் நேர்ந்தது. 1956க்குப் பிந்திய சரிவு பெரும்பாலும் உலர்வலயக் குடியேற்றங்களாலும், 1970களின் இறுதியில் முடுக்கிவிடப்பட்ட மகாவலி திட்டத்தாலும் நேர்ந்தது. பழியைத் தேயிலையின் மேல் மட்டும் போடுவது சரியாகாது. 1990இல் இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டை இலங்கை அரசு நிறுத்தியது. சரிவு அதன்பின் மெதுவானது.

தென்மேற்கு ஈரவலயத்திலுள்ள சிங்கராஜக் காட்டில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக 1970களில் இயந்திரங்களால் மரம் வெட்டப்பட்டது. எதிர்ப்பு வலுத்து 1977ஐ ஒட்டி அது நின்றது; 1988இல் அக்காடு உலக மரபுச் சின்னமாயிற்று. வெட்டுண்ட பகுதிகள் தாமாக மீள்வதைப் பேராதனைப் பல்கலைக்கழக அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்துவருகின்றனர். அக்காட்டின் விளிம்பில் நடப்பட்ட பைன் தோப்புகளில் சில வரிசைகளை வெட்டி, அந்த இடைவெளியில் நாட்டு மரக்கன்றுகளை வைத்தபோது அவை நன்றாகப் பிழைத்தன. பைன் நிழலே கன்றுகளுக்குக் குடையாயிற்று.

மீளும் இடங்கள்

நீலகிரியிலும் இதற்கு ஒப்பான காட்சி உண்டு. சோலையை ஒட்டிய முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில், கொண்டைக்குருவி போன்ற பறவைகள் எச்சத்தோடு விட்ட விதைகளிலிருந்து சோலைக்கன்றுகள் எழுகின்றன. இதனால் அயல்மரம் அனைத்தையும் ஒரேயடியாக வெட்டிவிடலாமா, கூடாதா என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. புல்வெளி நடுவே பரவிய இளம் சீகையை வேரோடு அகற்றுவது, சோலை விளிம்பில் முதிர்ந்து நிற்பதை மெல்ல மெல்லக் கழிப்பது என்ற இடத்துக்கேற்ற அணுகுமுறையே ஏற்கத்தக்கதாகத் தோன்றுகிறது. அகற்றிய இடத்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் முளைப்பவற்றைத் தொடர்ந்து பிடுங்க ஆளும் பணமும் இல்லையென்றால், முன்பைவிட அடர்த்தியாகச் சீகையே திரும்பும். 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. வரையாடுகள் வாழும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் 78 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்த வேலைக்கு முக்கியத்துவம் உண்டு.

அதே 2022இல் டேன்டீ வசமிருந்த நிலத்தில் 2,000 எக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர முடிவாயிற்று. கழகத்தின் நட்டம் இதற்கான காரணங்களில் ஒன்று. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானைகளின் வழித்தடங்களுக்கு இந்த நிலம் உதவும். தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் தொழிலாளர் குடியிருப்புகளும் அங்கேயேதான் உள்ளன. வேலையும் வீடும் என்னவாகும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. கவாத்து செய்யாமல் விட்ட தேயிலைச் செடி சில ஆண்டுகளில் மரமாக உயர்ந்துவிடும். இடையே உண்ணிச்செடி புகுந்து அடைத்துக்கொள்ளும். பழைய காடு அங்கே எழுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மரக்கவிகை பத்து விழுக்காட்டைத் தாண்டும் நாளில் அந்த நிலம் இந்தியாவின் இயற்கையாக மீளும் காட்டில் சேரும். மந்து ஒன்றின் அருகே சீகை நீக்கப்பட்டுப் புல் மீண்ட நிலம் அதே பட்டியலிலிருந்து கழிக்கப்படும்.